ஐம்பத்து நான்கு இலக்கங்கள்

கையுறைத் தொழிற்சாலை வேலையை விட்டபின் சிலிபின் ஃபிளாட்டில் தனியாக இருந்த பிரமிளாவுக்கு, மாதக் கடைசி ஞாயிறு கம்ப்யூட்டர் நாள். பழைய விண்டோஸ் எக்ஸ்பியை அழித்துவிட்டு, அதே சிடியைப் போட்டு மறுபடி ஏற்றுவாள். கம்ப்யூட்டரில் ஒரு கோளாறும் கிடையாது. ஏற்றி முடித்ததும் அதைச் செயல்படுத்த ஒரு நம்பருக்குப் போன் போட வேண்டும். அவள் போன் போட வேறு நம்பர் இல்லை.

மறுமுனையில் பதிவுசெய்த பெண்குரல் ஆங்கிலத்தில் பேசும். திரையில் தெரியும் ஐம்பத்து நான்கு இலக்கங்களை ஆறு ஆறாகச் சொன்னால், பொறுமையாகக் கேட்டுக்கொள்ளும். பிறகு தன் பங்குக்கு நாற்பத்திரண்டு இலக்கங்களைச் சொல்லும். அவற்றைத் தட்டி முடித்ததும் பிரமிளா தவறாமல் கேட்பாள்:

"சாப்டாச்சாம்மா?"

குரல் நன்றி சொல்லித் துண்டித்துக்கொள்ளும்.

இந்த ஞாயிறும் கேட்டாள்.

"இன்னும் இல்லக்கா," என்றது அதே குரல். "அங்க வந்துதான் சாப்புடணும் லா."

பிறகு வழக்கம்போல ஆங்கிலத்தில் நன்றி சொல்லித் துண்டித்துக்கொண்டது.

பிரமிளா போனை வைத்தாள். ரைஸ் குக்கரில் இன்னொரு குவளை அரிசி போட்டாள். அப்புறம் வாசலுக்குப் போய், கிரில் கதவின் பூட்டைத் திறந்து வைத்தாள்.