டாக்டர் சொன்ன கீமா

“இதுல கறி எங்கே இருக்கு?” என்று திரையைப் பார்த்துக் கேட்டேன்.

திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள். எதிரே உட்கார்ந்திருந்த முனீர் அகமதுதான் சிரித்தார்.

“விடுங்க பாய். டாக்டர்தானே லேசா சாப்பிடச் சொன்னாரு?”

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்தால் எங்கள் வீட்டில் கீமா. கொத்துக்கறியை மசாலாவோடு பிசைந்து, ஒரே கட்டியாகச் சட்டியில் அமுக்கி, மூடி மேலும் தணல் போட்டு வேகவைத்துத் துண்டு போட்டுத் தருவார்கள். அதற்கு ஆம்பூர் தோல் மண்டியிலிருந்து யாராவது விருந்தாளி வருவார். பெரும்பாலும் முனீர்.

அந்த வருஷம் தோல் விலை போகாமல் என் கிடங்கில் அடுக்கியபடியே கிடந்தது. ஊரே அப்படித்தான் என்றாலும், நான் மட்டும் அப்படி இல்லை என்று காட்டிக்கொள்ளும் பொறுப்பு எனக்கு இருந்தது. அதனால் கசாப்புக் கடையில் கறியைப் பாதியாகக் குறைத்தேன். விருந்தைக் குறைக்கவில்லை. வீட்டிலும் முனீரிடமும், “டாக்டர் சொல்லிட்டாரு, இனிமே பாதிக் கறி போதும்” என்றேன்.

எந்த டாக்டர் என்று என் மனைவி அக்தரி கேட்கவில்லை. மீதிப் பாதிக்குத் துருவின சுரைக்காயும் கடலைப்பருப்பும் சேர்த்துப் பிசையச் சொல்லிவிட்டாள்.

நாலு வாரம் பொறுத்தேன். அன்று கறி கால்வாசிகூட இல்லை என்று எனக்குத் தோன்றியது.

முனீர் கை கழுவக் கொல்லைக்குப் போய்விட்டு வந்து, என் பக்கத்தில் குனிந்தார்.

“சொன்னா தப்பா நினைக்கக் கூடாது. உங்க சமையக்காரி, ஹலீமா பீ, இன்னொரு சட்டியை மூடி உள்ளே எடுத்துட்டுப் போறா. வாசனை மூக்கைத் துளைக்குது. இங்கே சுரைக்காய், அங்கே அசல் கறி!”

“இன்னா சொல்றீங்க?”

“கண்ணால பார்த்ததைச் சொல்றேன். சமையக்காரி கை எப்பவும் நீளம் பாய்.”

முனீர் வாயில் விழுந்தது நாளைக்குள் மண்டி பூராவும் போகும். இந்த ஜியாவுல்லா வீட்டில் விருந்தாளிக்குச் சுரைக்காய் என்று போவதைவிட, திருடின சமையல்காரியைத் துரத்தினான் என்று போவது கௌரவம்.

“பதினோரு வருஷம் சோறு போட்டேன். இன்னைக்கே மூட்டை கட்டி அவ ஊரு மாதனூருக்கு அனுப்பிடறேன்!” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு எழுந்தேன்.

ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்கள் உட்காருவார்கள். அவர்கள் சாப்பிடும்போது நாங்கள் உள்ளே போவதில்லை. முப்பது வருஷத்தில் அன்றுதான் முதல் தடவையாகப் போனேன்.

அக்தரி, மகள் குர்ஷித், ஓரமாக ஹலீமா பீ. மூன்று பேருக்கும் நடுவில் அந்தச் சட்டி. மேலே நன்றாகச் சிவந்து, அசல் கீமா மாதிரியே இருந்தது.

“இன்னாடி இது?”

ஹலீமா பீ எழுந்து நின்றாள்.

ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டேன்.

சுரைக்காய். பருப்பு. முறுகின வெங்காயம். மறுபடி மென்று பார்த்தேன். ஒரு நார் கறிகூடச் சிக்கவில்லை.

“கறி மொத்தமும் உங்க சட்டியிலதான் சாப்,” என்றாள் ஹலீமா பீ. “விருந்தாளிக்குக் கம்மியா தெரியக் கூடாதுன்னு அம்மா சொல்லிச்சு. நாலு வாரமா அப்படித்தான்.”

நான் அக்தரியைப் பார்த்தேன். அவள் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எங்க டாக்டர் உங்க டாக்டரைவிடக் கொஞ்சம் கண்டிப்பு,” என்றாள்.

நான் எந்த டாக்டரிடமும் போகவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

வெளியே போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் திரையைத் தூக்கினேன். சத்தியமாக.

“இன்னா பாய், துரத்திட்டீங்களா?” என்று ஆவலாகக் கேட்டார் முனீர்.

“இல்லை,” என்றேன். “ஏழைப் பொம்பளை. ஏதோ நாக்கு ருசி. மன்னிச்சுட்டேன்.”

“அடடா! இந்த மனசு யாருக்கு வரும்!”

திரைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்தார்கள். ஒருத்திகூட இருமவில்லை.