ஏட்டையா கேட்ட பயணக் கதை

“ஒண்ணும் விடாம சொல்லணும் பிள்ளை. எங்கெல்லாம் போனீரு, ஆரையெல்லாம் கண்டீரு?” என்று காவல் நிலைய மேசையைப் பிரம்பால் தட்டினார் ஏட்டு கிருஷ்ணன்குட்டி.

எதிரே அமர்ந்திருந்த நமச்சிவாயம் பிள்ளையின் கண்கள் கலங்கின.

அச்சத்தால் கலங்கியதாக ஏட்டு எண்ணிக்கொண்டார்.

“உள்ளதாட்டா கேக்கீரு ஏட்டையா? ஒண்ணும் விடாமலா?”

சர்க்கார் கச்சேரியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற அந்த மனிதரிடம் அதுவரை எவரும் இப்படியொரு கேள்வி கேட்டதில்லை. அவர் ‘கொல்லம்’ என்று தொடங்கினாலே ஊரார் மாட்டைத் தேடிக்கொண்டு போய்விடுவார்கள். மாடில்லாதவர்களும் போய்விடுவார்கள். மனைவி கோமளவல்லி அடுக்களைக்குள் புகுந்து அம்மிக்குழவியை உருட்டத் தொடங்கிவிடுவார்.

எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம். பாறசாலைப் பக்கத்து ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்போரின் ஊர்வலங்களுக்குத் தடை. அன்று மாலை ஏதோ ஒரு சந்தையில் தடையை மீறிக் கொடியேற்றப் போகிறார்கள் என்பது கைக்குழந்தைக்கும் தெரிந்திருந்தது. எந்தச் சந்தை என்பது ஏட்டுக்கு மட்டும் தெரியவில்லை.

கொடி ஏறினால் அவருடைய சட்டையிலிருந்து பட்டை இறங்கும் என்று நெய்யாற்றின்கரையிலிருந்து மேலதிகாரி சொல்லியனுப்பியிருந்தார். பாதி ஆயுளைச் சல்யூட் அடித்தே கழித்துப் பெற்ற பட்டை அது.

நல்லவேளையாகக் காலையில் தேநீர்க்கடைச் சுயம்பு வந்து காதோடு காதாக ஒரு துப்புச் சொன்னான்.

“நமச்சிவாயம் பிள்ளை ரெண்டு மாசமா கடலோரம் எல்லாம் சுத்தினாரு, பொறவு காட்டுக்குள்ள போனாரு. சும்மா ஒருத்தன் சுத்துவானா ஏமானே? கேட்டுப் பாரும், மறைக்கமாட்டாராக்கும்.”

ஏட்டு உடனே ஆளனுப்பிப் பிள்ளையை வரவழைத்தார். வழக்கு, கல்யாணம், கோயில் இம்மூன்றும் இன்றி ஊர்விட்டு ஊர் போகும் வழக்கம் அந்நாட்டில் மனிதர்க்கு இல்லை. பூவாரில் கடல் கூப்பிடு தூரத்தில் கிடக்க, அதே கடலைக் கொல்லத்திலும் ஆலப்புழையிலும் கொச்சியிலும் போய்ப் பார்த்துவந்தவன் சதிகாரன் அன்றி வேறு யாராக இருக்கமுடியும்?

சந்தையின் பெயர் பிள்ளையின் வாயிலிருந்து உதிர்ந்த கணமே பாய்ந்து ஓட வசதியாக, காவலர் அனைவரையும் தடியோடு வராந்தாவில் நிறுத்திவைத்தார் ஏட்டு. பிறகு, வளைக்குள் எலி உண்டா என்று பாராமலே வாசலில் அமர்ந்துவிட்ட பூனையைப் போலக் கேட்கத் தொடங்கினார்.

பிள்ளை தங்கசேரிக் கலங்கரை விளக்கத்திலிருந்து தொடங்கினார்.

சமிக்ஞை கொடுக்கும் இடம் என்று ஏட்டு புரிந்துகொண்டார்.

ஆலப்புழையில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் பாலத்தைச் சொன்னார். ஆயுதம் இறக்கும் துறை.

கொச்சியில் சீனவலை. அடேயப்பா, சீனாவுமா!

வலை தண்ணீருக்குள் இறங்கி ஏறும் விதத்தைப் பிள்ளை இரு கைகளாலும் செய்துகாட்டியபோது காவலர் மோகனன் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து நின்றான். “மீன் எதும் கிட்டுமோ?” என்று கேட்கவும் கேட்டான். ஏட்டு முறைத்தார். ஆனால் விடையை அவரும் காது கொடுத்துக் கேட்டார்.

கடற்கரை முடிந்து, ஒற்றசேகரமங்கலத்துக்குக் கிழக்கே காடு தொடங்கியபோது வராந்தாவில் ஒருவரும் இல்லை. எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

அட்டை கடித்தது. காட்டிலேயே வாழும் காணிக்காரர் ஒருவர் புகையிலைச் சாற்றைத் தடவி அதை விழச்செய்தார். ஈரப் புல்லில் ஆனை போட்ட சாணம் ஆவி பறக்கக் கிடந்தது. ஆனை எங்கே என்று பிள்ளை உடனே சொல்லவில்லை. ஏட்டு வேட்டியைத் தூக்கிக்கட்டுபவர்போலத் தம் காக்கி நிக்கரை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

மலையுச்சிக்குப் போகும் வழியில் ஓர் அருவி வந்தது.

அப்போது எழுந்த பேரிரைச்சலை ஏட்டு அருவியின் இரைச்சல் என்றே நினைத்தார். அவ்வளவு தூரம் ஏறியிருந்தார்.

அருவி ‘தமிழ்நாடு வாழ்க’ என்று முழக்கமிட்டபோதுதான் அவருக்கு உறைத்தது. துள்ளியெழுந்து பின்பக்கச் சன்னலுக்கு ஓடினார்.

காவல் நிலையத்துக்கு நேர்ப்பின்னால் இருந்த சந்தையில், மீன்காரிகள் அமரும் மேடை மேல், கொடி ஏறிப் பறந்துகொண்டிருந்தது. ஏற்றியவர்கள் கலைந்து, பாதிப்பேர் வாழைக்குலைக்கு விலை பேசத் தொடங்கியிருந்தார்கள்.

தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு ஏட்டு முன்வாசலுக்குப் பாய்ந்தார்.

படியில் கோமளவல்லி சோற்றுத் தூக்கோடு நின்றிருந்தார்.

“மலை ஏறியாச்சா ஏட்டையா?”

அவருடைய குரல் கட்டிப்போயிருந்தது. நாலு தெருவுக்குக் கேட்கும்படி வெகுநேரம் கத்தியவர்களுக்குத்தான் அப்படிக் கட்டும்.

“இல்ல... அருவிக்கிட்ட நிக்காரு” என்றார் ஏட்டு, தம்மை அறியாமலே.

“நான் அப்பமே கொடியேத்துதவங்ககிட்டச் சொன்னேன். இவரு உச்சி சேருததுக்குள்ள சாவகாசமா முடிச்சிரலாம்ணு.”

சுயம்புவைக் காலையில் அனுப்பிவைத்தவர் யார் என்று ஏட்டு கேட்கவில்லை. தூக்கைத் திறந்து பார்த்தார். இரண்டு பேருக்குச் சோறு இருந்தது.

“எங்க போனீரு ஏட்டையா? ஒண்ணும் விடாம சொல்லணும்ணு சொன்னீரே!” என்று உள்ளிருந்து பிள்ளையின் குரல் பரிதவித்தது.

கிருஷ்ணன்குட்டி சட்டைக் கையிலிருந்த பட்டையை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“சொல்லும் பிள்ளை. அந்த ஆனை எங்க நின்னுது?”