பம்பரில் தெரிந்த கால்கள்

அப்பாவின் பழைய ஃபியட் யாருக்கு என்ற சண்டையில் அண்ணன் பேச்சை நிறுத்தியிருந்தான். கார் எட்வினுக்கு வந்தது. அவன் அதன் பின்பக்க குரோம் பம்பரை, தண்ணீரில் நனைத்த அலுமினியத் தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான். துரு போய்ப் பளபளத்த இடத்தில் முதலில் அவனுக்குப் பின்னாலிருந்த கம்பிக் கேட் தெரிந்தது. பிறகு கேட்டுக்கு வெளியே இரண்டு கால்கள். ஒன்றைச் சற்றே சாய்த்து அப்படி நிற்பவன் அண்ணன் ஒருவன்தான். எட்வின் திரும்பவில்லை. திரும்பினால் போய்விடுவான். முகம் தெரிய வேண்டிய இடத்தில் இன்னும் துரு இருந்தது. தண்ணீர் தொட மறந்து அதை அழுத்தித் தேய்த்தான்.

"தண்ணியத் தொட்டுத் தேய்லே. கீறல் விழும்லா," என்றான் அண்ணன்.

எட்வின் தாளை இரண்டாகக் கிழித்தான். ஒரு பாதியை நனைத்து பம்பரின் மறுமுனையில் வைத்துவிட்டு, தன் பக்கத்தைத் தேய்க்கத் தொடங்கினான். பம்பருக்குள் கேட் திறந்தது.