இன்னொரு தடவை சொல்லுங்க, மேடம்

"மேடம், இதை ஆன் பண்றது எப்படி?"

நாலாவது நாளும் அதே ஆள், அதே கேள்வி. மேடத்துக்குக் காதில் புகை வராத குறைதான்.

பஸ் பணிமனையின் சாப்பாட்டு அறையில் நாற்பது மெக்கானிக்குகள் ஆளுக்கொரு டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். இனிமேல் காகித ஜாப் கார்டு கிடையாது. எந்த வண்டியில் என்ன கோளாறு, என்ன பாகம் மாற்றினோம், எல்லாம் டேப்லெட்டில்தான் ஏற்ற வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் தலைமை அலுவலகம் மேடத்தை அனுப்பியிருந்தது.

கேள்வி கேட்டவர் பிரேக் மெக்கானிக். நாற்பதைத் தாண்டிய ஆள். முதல் நாள் மத்தியானமே அவருக்கு 'டியூப்லைட்' என்று பேர் விழுந்துவிட்டது.

"வலது பக்கம், மேல இருக்கிற பட்டன். நேத்தும் சொன்னேன், முந்தாநேத்தும் சொன்னேன்."

"சரிங்க மேடம். போட்டோ எடுத்தப்புறம் அது எங்க போய் உக்காருது?"

அறையே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர், பக்கத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டிருந்த ஃபோர்மேன். டியூப்லைட் என்று பேர் வைத்த புண்ணியவானும் அவர்தான்.

"இவன் மண்டையில ஏறாது மேடம். இருந்தாலும் பாவம், இவனுக்காக இன்னொரு தடவை மெதுவா சொல்லிடுங்க."

ஃபோர்மேன் தங்கமான மனுஷன்! நாலு நாளில் ஒரு கேள்வி கேட்டதில்லை. எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். இப்படி நாலு பேர் இருந்தால் எந்த மாற்றத்தையும் கொண்டுவந்துவிடலாம் என்று மேடம் தன் குறிப்பில் எழுதியே வைத்திருந்தார்.

பொல்லாத வேலை ஒன்று பாக்கி இருந்தது. பயிற்சி முடிந்ததும் 'கற்றுக்கொள்ள இயலாதவர்கள்' என்று ஒரு பட்டியல் அனுப்ப வேண்டும். அதில் பேர் வந்தால் மெக்கானிக் வேலை போச்சு. வண்டி கழுவுகிற பக்கம் தள்ளிவிடுவார்கள், சம்பளமும் குறையும். பட்டியலில் ஒருத்தர்கூட இல்லை என்றால், ஆட்களைச் சரியாக எடை போடவில்லை என்று மேடத்தின் தலை உருளும்.

மேடம் யோசிக்கவே இல்லை. ஒரே ஒரு பேரை எழுதினார்.

"நானே சொல்லணும்னு இருந்தேன், இவன் பேரையே போடுங்க" என்றார் ஃபோர்மேன்.

பட்டியலுக்கு ஃபோர்மேன் தன் டேப்லெட்டில் ஒப்புதல் தர வேண்டும். சாயங்காலம் அவருடைய அறைக்கே போனார் மேடம். ஃபோர்மேன் டேப்லெட்டை இப்படியும் அப்படியுமாகத் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணாடியை ஸ்டோர்லயே வெச்சிட்டேன் மேடம். ஒரு நிமிஷம்." எழுந்து போகிற போக்கில், வெளியே நின்ற டியூப்லைட்டிடம் குரல் கொடுத்தார். "டேய், டேப்லெட் பூரா கிரீஸா இருக்கு. துடைச்சு வை."

டியூப்லைட் வந்தார். துடைத்தார். ஆன் செய்தார். ஃபோர்மேனின் ரகசிய எண்ணைப் போட்டு அவருடைய கணக்குக்குள் போனார். அன்றைக்கு ஃபோர்மேன் ஏற்றாமல் விட்டிருந்த ஆறு ஜாப் கார்டையும் போட்டோவோடு மளமளவென்று ஏற்றினார். மேடம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். அப்புறம் பட்டியலைத் திறந்தார் டியூப்லைட். தன் பேரைப் படித்தார். ஒப்புதல் தருகிற இடம் தெரிகிற மாதிரி நிறுத்தி, மேசைமேல் வைத்தார்.

"அண்ணன் வந்து அமுக்கினா போதும் மேடம்."

மேடத்துக்குச் சுர்ரென்று ஏறியது. "அடப்பாவி மனுஷா! எல்லாம் தெரிஞ்சு வெச்சுக்கிட்டா நாலு நாளா என் உயிரை வாங்கினீங்க?"

அவர் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இங்க இருக்கிற நாப்பது பேருக்கும் தொழில் சொல்லிக்கொடுத்தவர் மேடம் அவரு. எங்க நடுவுல உக்காந்துக்கிட்டு, 'இதை ஆன் பண்றது எப்படி'ன்னு அவரால கை தூக்க முடியுமா? காலையில என்னைக் கூப்பிட்டு, 'அந்தப் போட்டோ விஷயம் உனக்குப் புரிஞ்சுதாடா?'ம்பாரு. அவருக்குப் புரியலைன்னு அர்த்தம். அதை நான் கிளாஸ்ல கேட்டுடுவேன்."

"அவருக்காகவா? உங்க பேரைப் போடச் சொன்னதே அவர்தான்!"

"தெரியும் மேடம். பட்டியல்ல அவர் பேரு வந்தா உடைஞ்சு போயிடுவாரு. நான்னா வண்டி கழுவிட்டுப் போறேன்."

மேடத்துக்கு வெட்கமாகப் போயிற்று. மாற்றத்தை வழிநடத்த வந்தவர் என்று சம்பளம் வாங்குவது யார், நிஜமாகவே வழிநடத்தியது யார்! டேப்லெட்டை இழுத்து, பட்டியலில் இருந்த ஒரே பேரையும் அழித்தார். தலைமை அலுவலகம் கத்தினால் கத்திவிட்டுப் போகட்டும்.

ஃபோர்மேன் கண்ணாடியோடு வந்து உட்கார்ந்தார்.

"மேடம், இதுல எங்க அமுக்கணும்னு சொல்லவே இல்லையே?" என்றார் டியூப்லைட், ஒன்றும் தெரியாத முகத்தோடு.

இந்தத் தடவை மேடத்துக்குக் கோபம் வரவில்லை. "இந்தப் பச்சைக் கட்டத்துல. ஒரே ஒரு தடவை" என்று நிதானமாகக் காட்டினார்.

ஃபோர்மேனின் விரல் நேராகப் பச்சைக் கட்டத்துக்குப் போனது. அமுக்கிவிட்டுத்தான் பட்டியலைப் பார்த்தார்.

"என்ன மேடம், காலியா இருக்கு? இவன் பேரு எங்க?"

"அவர் தேறிட்டார் சார்."

ஃபோர்மேன் ஒரு கணம் முழித்தார். அப்புறம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டியூப்லைட்டின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"பின்னே! நாலு நாளும் நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்ல?"