உயிருள்ளவை: பூஜ்யம்

திரையில் ஒன்றும் அசையவில்லை.

குரோம்பேட்டைப் பள்ளி அரங்கில் நூறு பேராவது இருப்பார்கள். பாதிப் பேர் சர்ச் சபையார். முன்வரிசையில், நாற்காலியில் முதுகு படாமல் அசரியா உட்கார்ந்திருந்தார்.

மேடையில் அவருடைய பேத்தி ஜெரூஷா விளையாட்டுக் கைப்பிடியை இடமும் வலமும் தள்ளிக்கொண்டிருந்தாள்.

விளையாட்டு எளிமையானதுதான். வீட்டுப் பக்கம் தேங்கிய பாசித் தண்ணீரைப் பிள்ளைகள் பாட்டிலில் கொண்டு வர வேண்டும். அதில் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பின் கீழ் விட்டால், கண்ணுக்குத் தெரியாத பச்சை உயிர்கள் சுவர் அளவுத் திரையில் நீந்தும். கைப்பிடியைத் தள்ளுகிற பக்கம் ஒரு குட்டி விளக்கு எரியும். வெளிச்சம் பட்டால் அவை விலகி ஓடும். அப்படியே ஓட்டி ஓட்டிக் கட்டத்துக்குள் சேர்த்தால் வெற்றி.

இதற்கு முன் ஆடிய இரம் என்ற பெண்ணின் சொட்டில் எழுநூறுக்கு மேல் இருந்தன. அவள் அப்பா காஜா எழுந்தே நின்றுவிட்டார்.

"எல்லாம் நம்ம வூட்டு மொட்டமாடி தொட்டில வளந்த புள்ளைங்க சார்! நல்லா எண்ணிக்கோங்க!"

அரங்கமே சிரித்தது. அசரியா சிரிக்கவில்லை. மனிதனுக்குக் கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா?

இப்போது திரையின் மூலையில் எழுத்து மின்னியது.

ஜெரூஷா ஆபேல். உயிருள்ளவை: 0.

சாராள் டீச்சர் இன்னொரு சொட்டு விட்டுப் பார்த்தார். அதுவும் பூஜ்யம்.

அசரியாவுக்கு மட்டும் காரணம் தெரியும்.

காலையில் அந்தப் பாட்டில் சமையலறை மேடையில் நின்றது. பச்சைத் தண்ணீர். மூடியைத் திறந்தால் அழுகல் வாடை. மேலே ஒட்டிய சீட்டில் பேத்தியின் பெயரும் ராஜகீழ்ப்பாக்கம் வீட்டு விலாசமும். இந்த அசிங்கத்தையா சபையார் முன்னால் போட்டுக் காட்டுவது? அசரியா வீட்டுத் தண்ணீரில் பூச்சி நெளிகிறது என்று நாளைக்கு ஆராதனை முடிந்ததும் பேச மாட்டார்களா?

பிறர் பேச்சுக்கு இடம் கொடுக்காமல் எழுபத்து நான்கு வயது வரை வந்துவிட்டவர் அவர். சிங்க்கில் கொட்டினார். பாட்டிலை டெட்டால் விட்டு மூன்று தரம் அலசினார். காய்ச்சி ஆறவைத்த நீரை நிரப்பி மூடினார். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் மருமகள் டெபோரா அதைக் கவனிக்கவில்லை. பேத்தியோ, வாசலில் ஆட்டோ வந்து நின்றதும் பாட்டிலைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினாள்.

ஜெரூஷா மேடையிலிருந்து இறங்கி வந்தாள். அழவில்லை. அவரைப் போலவே நிமிர்ந்து நடந்து வந்து, பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான்தான் மாத்தினேன்," என்றார் அசரியா. "நம்ம வீட்டுத் தண்ணி அப்படியா இருக்கணும்?"

"அது நம்ம வீட்டுத் தண்ணி இல்ல தாத்தா."

எங்கிருந்து எடுத்தாள் என்பதை அவர் காதோடு சொன்னாள். பிறகு, "அங்கயும் உயிர் இருக்குன்னு எல்லாருக்கும் காட்டலாம்னு நெனச்சேன்," என்றாள்.

அசரியா திரையைப் பார்த்தார். அதில் இப்போது வேறு யாருடைய தண்ணீரோ துள்ளிக்கொண்டிருந்தது. எழுந்துபோய் டீச்சரிடம் கடைசி ஆட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்டார். பன்னிரண்டரை. பேத்தியை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டுப் பாட்டிலோடு வெளியே வந்தார்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஆட்டோவை நிறுத்தினார்.

"எங்க போவணும் பெரியவரே?"

வாசலில் நின்ற சபையார் காதில் விழாதபடி இடத்தைச் சொன்னார்.

இரும்புக் கேட் பக்கத்துக் குழாயில் காவல்காரர் சவுரிமுத்து கை கழுவிக்கொண்டிருந்தார்.

"யாரைப் பாக்கணும் சார்?"

"ஆபேல். என் மகன்."

"எந்த வரிசை?"

அசரியாவுக்குத் தெரியவில்லை. மூன்று வருடத்துக்கு முன் குழியில் மண் போட்டதும் திரும்பிப் பார்க்காமல் நடந்தவர். இங்கே வந்தால் யாராவது நெருங்கி வந்து, பையன் எப்படிப் போனான் என்று கேட்டுவிடுவார்கள். குடித்தே போனான் என்று எந்த வாயால் சொல்வது?

சவுரிமுத்து கேட்கவில்லை. அவர் கண் பாட்டிலில் நின்றது.

"அட, நம்ம பாப்பா பாட்டிலு! போன ஞாயித்துக்கெழம அம்மாவோட வந்து எடுத்துகினு போச்சே. தாத்தாவா நீங்க? வாங்க."

சிமென்ட் சிலுவைகளுக்கு நடுவே அவர் முன்னால் நடந்தார். ஐந்தாவது வரிசையின் கடைசியில், ஆபேலின் கல்லறை மேல், வாடிய சம்பங்கிக் காம்புகள் நின்ற கண்ணாடிக் குவளையின் அடியில், இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் மிச்சமிருந்தது. பச்சைப் பசேலென்று.

பாட்டிலில் இருந்த சுத்தமான தண்ணீரை அசரியா கீழே ஊற்றினார்.

குவளையை எடுக்கக் குனிய வேண்டியிருந்தது. அவர் முழங்காலை மடக்கி மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.