கனவிலும் நினைக்காத சொல்

"புருஷன் பேரு கூடாது. பிள்ளைங்க பேரும் கூடாது."

"சாமி பேரு வைக்கலாமா மாஸ்டர்?"

"அதத்தான் தோட்டத்துல பாதிப் பேரு வைப்பீங்க. நீங்க வச்சிருப்பீங்கன்னு ஒருத்தரும் கனவுலகூட நினைக்காத சொல்லா இருக்கணும். அதுதான் பாஸ்வேர்ட். உங்க மெயில் பெட்டிக்கு அதுதான் சாவி."

கஹவத்தைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போன பழைய பிள்ளைக் காம்பராவுக்குக் கம்பியூட்டர் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அது. டவுனில் இருந்து பஸ் ஏறி வந்த ஜனார்த்தனன் மாஸ்டருக்கு அங்கே யாரையும் தெரியாது. அதனால் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் கிளாக்கர் எழுதியிருந்தபடியே ஒவ்வொருவர் பெயரையும் ஆங்கிலத்தில் அட்டையில் எழுதி, தோளில் ஊக்கால் குத்திக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

யாரையும் தெரியாததால் இன்னொரு காரியமும் செய்துவிட்டார். இலட்சுமியையும் இராஜத்தையும் எதிரெதிரே உட்கார வைத்துவிட்டார்.

தண்ணீர்ப் பீலியில் யார் வாளி முதலில் என்று தொடங்கிய சண்டை. ஐந்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. கொழுந்து மலையில்கூட கங்காணி இருவருக்கும் பக்கத்து நிரை கொடுப்பதில்லை.

"சரி, இப்ப தட்டுங்க" என்று மாஸ்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"என்ன மாஸ்டர், எங்களப் பார்த்து முகத்தத் திருப்பிக்கிறீங்க?"

"நானும் பார்க்கக் கூடாதுக்கா. யாருக்கும் சொல்லாதீங்க. எழுதியும் வைக்காதீங்க."

ஆளுக்கொரு பக்கம் பார்த்து யோசித்தார்கள். இலட்சுமி கூரையை அண்ணாந்து பார்த்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டே ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினாள்.

அடுத்த ஞாயிறு அவள்தான் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாள்.

கட்டாரில் வேலைக்குப் போன அவள் மகன் சசி, மாடிக் கட்டடத்தில் இருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டிருந்தான். போனில் கேட்கும்போதெல்லாம் "சுகமாயிருச்சும்மா" என்பான். அவள் நம்பினால்தானே? முந்தின நாள் அம்மாவின் புது மெயில் விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, "நின்னுக்கிட்டே போட்டோ எடுத்து அனுப்புறேன், நீயே பாரு" என்று சொல்லிவிட்டான். அதைக் கேட்டதில் இருந்து அவளுக்குச் சோறும் இறங்கவில்லை.

தட்டினாள். பெட்டி திறக்கவில்லை. மறுபடி தட்டினாள்.

"மாஸ்டர், திறக்கமாட்டேங்குது!"

"சொல்லு மறந்து போச்சாக்கா?"

"அது எப்படி மறக்கும்? சொல்லு நல்லா ஞாபகம் இருக்கு. எழுத்துதான் எங்கயோ இடிக்குது. அது என்ன சொல்லுன்னா மாஸ்டர்..."

"சொல்லாதீங்க!" மாஸ்டர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"இது என்ன கொடும! எம் மகன் காலு உள்ள இருக்கு, இவரு காதப் பொத்துறாரு!"

வகுப்பே அவள் பக்கம் சாய்ந்தது. "பெத்தவளுக்கு ஒரு உதவி செஞ்சா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று சுப்பம்மா கேட்டே விட்டாள். இராஜம் மட்டும் தலையைத் தூக்கவில்லை. தன் கம்பியூட்டரில் தட்டுவதும் நிறுத்துவதுமாக இருந்தாள். நெஞ்சழுத்தக்காரி என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"இன்னும் ஒரு தடவைதான் தட்ட விடும்க்கா. தப்பினா பூட்டிக்கும். பிறகு அடுத்த கிழமைதான்."

இலட்சுமி கையைப் பிசைந்தாள். அட்டையாவது இருக்கிறதா என்று பார்த்தால், மாஸ்டருக்கு இப்போது எல்லாரையும் தெரியும், ஒருவர் தோளிலும் அட்டை இல்லை. சட்டென்று எழுந்தாள். மேசையைச் சுற்றிக்கொண்டு போய் நேரே இராஜத்தின் முன்னால் நின்றாள்.

சண்டையில் உடைந்துவிடப் போகிறதே என்று சுப்பம்மா பக்கத்தில் இருந்த கீபோர்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இந்தா... உன் பேர இங்கிலீசுல எப்படி எழுதியிருந்திச்சு?"

இராஜம் நிமிர்ந்தாள். "ஏன், பெட்டிசன் போடப் போறியா?"

"இல்ல. அவசரம். எம் புள்ளயப் பார்க்கணும்."

இராஜம் கீபோர்டில் இருந்து கையை எடுத்தாள். "ஆர், ஏ, எஸ், ஏ, எம்."

"எஸ்ஸா? ஜே இல்லையா?"

"கிளாக்கர் ஐயா செக்ரோல்ல ரசம்னுதான் எழுதி வச்சிருக்காரு. சிரிச்சே, பல்லத் தட்டிருவேன்."

இலட்சுமி தன் இடத்துக்கு ஓடினாள். ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். பெட்டி திறந்தது.

மணல் தரையில், ஊன்றுகோல் இல்லாமல், ஆள் துணையும் இல்லாமல், இரண்டு காலிலும் நின்றுகொண்டு சசி பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"நிக்கிறான்! எல்லாரும் வந்து பாருங்க, எம் புள்ள நிக்கிறான்!"

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். மாஸ்டர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

"ஐயோ அக்கா, உங்க பாஸ்வேர்ட் இப்ப லயத்துச் சனம் பூராவுக்கும் தெரிஞ்சு போச்சு. முதல்ல அத மாத்துங்க."

மற்றவர்களுக்கும் அப்போதுதான் விளங்கியது. எல்லாக் கண்ணும் இராஜத்தின் மேல் திரும்பியது.

"ஏன்டி, என் பேரையா வச்ச?" என்றாள் இராஜம்.

"பின்ன? அஞ்சு வருஷமா என் வாயில வராத பேரு. நான் வச்சிருப்பேன்னு யாரு கனவு காணுவா?"

இராஜம் தன் கம்பியூட்டர் திரையை ஒரு தடவை பார்த்தாள். மெல்லத் தொண்டையைச் செருமினாள்.

"சரி சரி... உன் பேர்ல 'எல்'லுக்குப் பிறகு 'ஏ' வருமா, 'ஈ' வருமா? வந்ததுல இருந்து நானும் வெளியதான் நிக்கிறேன்."