எந்தப் பக்கம் உட்கார?

"நான் கல்யாணத்துக்கு வந்தா எந்தப் பக்கம்டி உக்கார வெப்ப? ஆம்பளைங்க பக்கமா, பொம்பளைங்க பக்கமா? அத மொதல்ல சொல்லு கலா."

கேட்டுவிட்டு, துளசி சூடான தோசைக்கல்லில் தண்ணீரைத் தெளித்தாள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் காலை ஷிப்ட் ஆட்கள் நாஷ்டா முடித்து உள்ளே போய்விட்டார்கள். அவளுடைய தள்ளுவண்டிக் கடையில் இப்போது கூட்டம் இல்லை.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த சந்திரகலா, மடியிலிருந்த தாம்பாளத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். மகள் இளமதியின் கல்யாணப் பத்திரிகையோடு, திருவள்ளூரிலிருந்து பஸ் மாறி, விசாரித்துக்கொண்டே வந்திருக்கிறாள். வந்ததும் "சாப்ட்டீங்களா?" என்றவள், நாக்கைக் கடித்துக்கொண்டு "சாப்ட்டியா துளசி?" என்று மாற்றினாள். பதினேழு வருஷம் கழித்துப் பார்க்கிறாள், பாவம், தடுமாறாமல் என்ன செய்வாள்!

"பொம்பளைங்க பக்கம்தான். இதுல இன்னா கேள்வி?" என்றாள் சந்திரகலா.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அஃப்ஸானா சிரித்துவிட்டாள். பழவேற்காட்டிலிருந்து வந்து துளசியோடு தங்கியிருக்கும் திருநங்கை அவள்.

"ரேஷன் கார்டுக்கு எழுத வந்தப்பவும் இதே பேஜாருதாங்க்கா. நான் 'மூணாவதுன்னே போடுங்க சார்'னேன். ஆம்பளையா இருந்து பாத்தேன், ஒத்து வரல. பொம்பளைன்னு சொல்லிக்கவும் மனசு வரல. நான் நானாவே இருந்துகினு போறேன், இன்னா இப்போ? இந்தம்மா ஒத்துக்கிச்சா? 'பொம்பளைன்னு போடு, இல்லாங்காட்டி கார்டே வேணாம்'னு ஒரே சண்டை!"

"பின்ன? நான் பொம்பளைதான்டி," என்றாள் துளசி வெடுக்கென்று. "நீ ரெண்டும் இல்லன்னா, அது உனுக்கு. நான் முழுப் பொம்பளை. அது அவங்கவங்களுக்குத்தான தெரியும்?"

"எனக்கும் தெரியும்," என்றாள் சந்திரகலா மெதுவாக. "மணவாள நகர்ல நாம இருந்த அந்த ஒத்த ரூம் ஊடு ஞாபகம் இருக்கா?"

துளசியின் கை நின்றது. "மறக்குமா? கதவுக்குப் பின்னாடி கண்ணாடி மாட்டியிருந்தோமே. பாதி ரசம் போனது."

"தீபாவளிக்கு எடுத்த மயில்கழுத்துக் கலர் பொடவைய, நான் கட்டறதுக்கு முன்னாடி நீ கட்டிகினு அந்தக் கண்ணாடி முன்னாடி நின்ன. தண்ணிக் கொடத்தோட நான் உள்ள வந்துட்டேன்."

"நீ கத்தி ஊரக் கூட்டுவன்னு நெனச்சேன். கொடத்த எறக்கி வெச்சிட்டு, கொசுவத்தச் சரி பண்ணி உட்ட."

"என்னவிட உனுக்குத்தான் எடுப்பா இருந்துச்சு. வயித்தெரிச்சலா இருந்துச்சு எனக்கு!"

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது துளசியின் கண்ணில் தண்ணீர் நின்றது. மழைக்கு ஒழுகும் ஓடு, விறகுப் புகை, செவ்வாப்பேட்டைப் பக்கம் போகும் ரயிலின் சத்தம் எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சை அடைத்தது. கஷ்டப்பட்ட வீடுதான். ஆனால் அப்படி ஒரு வீடு அப்புறம் அவளுக்கு வாய்க்கவே இல்லை.

"இளமதி இன்னும் ரெட்ட சடைதான் போடறாளா?"

"இருவத்தோரு வயசுக் கழுதைக்கு ரெட்ட சடையா? உன்ன மாதிரி எனக்குப் பின்ன வராது. நீ போனதுக்கப்புறம் ஒரு மாசம் என்னத் தலையத் தொட உடல."

துளசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்பன் ஊட்ட உட்டுப் போனவன்னு சம்பந்திங்களுக்கும் தெரியும்," என்று தொடர்ந்தாள் சந்திரகலா. "என் தம்பி வசந்தகுமாரும் அவன் பொண்டாட்டியும் மணையில உக்காந்து தாரை வார்க்கட்டும்னு பேசி முடிச்சிட்டாங்க. இந்தப் பொண்ணுதான் அடம் புடிக்குது. நீ வராம மேடையே ஏற மாட்டாளாம்."

"நாலு வயசுல பாத்தது. என்னப் பத்தி அவளுக்கு இன்னா தெரியும்?"

"போன வருஷம் எல்லாத்தயும் சொல்லிட்டேன்."

"எல்லாத்தயுமா?" தோசைத் திருப்பி கைநழுவிக் கீழே விழுந்தது.

"எல்லாத்தயும்தான்."

"வேணாம் கலா. எனக்கு மட்டும் ஆசை இல்லியா? ஆனா என்னப் பாத்துட்டு மாப்ள ஊட்டுக்காரங்க எழுந்து போய்ட்டா? அவ வாழ்க்கையக் கெடுத்துட்டு நான் உசுரோட இருப்பனா?"

அப்போது சந்திரகலாவின் செல்போன் அடித்தது. பார்த்தவள், "இளமதிதான். நீயே அவகிட்ட சொல்லு" என்று துளசியின் காதில் வைத்துவிட்டாள். "என்னப் பாத்துட்டு மாப்ள ஊட்ல எழுந்து போய்டுவாங்கம்மா," என்றாள் துளசி.

"அவங்க ஊட்ல நானே சொல்லிட்டேன்," என்றது இளமதியின் குரல். "மாமியார்லேர்ந்து மாமனார் வரைக்கும் ரெண்டு நாளு மொணகினாங்க. கட்டிக்கப் போறவரு என் பக்கம் நின்னாரு. இப்போ எல்லாரும் ஒத்துக்கினாங்க. வரியா, இல்லியா?"

துளசி செல்போனை இறுக்கிப் பிடித்தாள். "வரணும்னுதாம்மா இருக்கு. ஆனா பொடவைய அவுத்துப் போட்டுட்டு, உனுக்காகக்கூட நான் வேஷம் கட்டிகினு வர முடியாது கண்ணு."

"யாரு அவுக்கச் சொன்னா? அம்மா தட்டுல வெச்சிருக்காங்க பாரு."

சந்திரகலா பத்திரிகையை நகர்த்தினாள். அடியில், மடிப்புக் கலையாமல், பழைய மயில்கழுத்துக் கலர் புடவை.

"அதையே கட்டிகினு வா," என்றாள் இளமதி. "நீ அந்தப் பக்கமும் உக்கார வேணாம், இந்தப் பக்கமும் உக்கார வேணாம். மணையில அம்மா பக்கத்துல உக்காந்து, நீதான் என்னத் தாரை வார்த்துக் குடுக்கணும், அப்பா!"